அலிப்பூரின் 43 டிகிரியும் மேசைக்கணினியின் 80 டிகிரியும்

2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவின் அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 1954 ஏப்ரலில் பதிவான 43.3 டிகிரிக்குப் பிறகு, அந்நகரம் ஏப்ரல் மாதத்தில் கண்ட மிகுந்த வெப்பம் அதுவே. அன்றைய செய்தியில் 43 என்னும் எண்ணோடு இன்னொரு விவரமும் இருந்தது: இயல்பைவிட 7 டிகிரிக்கு மேல் மிகுதி. வானிலைத் துறை வெப்பத்தைச் சொல்லும் முறை இதுதான். வெப்பம் எவ்வளவு என்பதையும், அது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதையும் அது சேர்த்தே சொல்லும்.

கோடை வந்ததும் மேசைக்கணினி வைத்திருப்போரிடையே ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. புராசசர் என வழங்கும் மையச் செயலியின் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளை யாரோ ஒருவர் திறந்து பார்க்கிறார். 80 என்றோ 85 என்றோ சிவப்பு எழுத்தில் ஓர் எண் தெரிகிறது. ‘இது இயல்புதானா?’ என்று அவர் கேட்கிறார். இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. வேலையின்றி இருக்கையில் 35 முதல் 45 வரை, கடும் வேலையில் 60 முதல் 75 வரை, 80-ஐக் கடந்தால் ஆபத்து என்பது ஒன்று. உற்பத்தியாளர் குறித்த எல்லை 100. அதுவரை கவலை வேண்டா என்பது மற்றொன்று. முதலாவது வீண் அச்சத்தை விளைவிக்கிறது. இரண்டாவது வீண் துணிவைத் தருகிறது. இரண்டுக்கும் அடியிலுள்ள பிழை ஒன்றே. இரண்டும் ‘இயல்பு’ என்பதை எங்கும் என்றும் மாறாத தனி எண்ணாகக் கொள்கின்றன.

அலிப்பூரில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடிக்கப்பட்டு வரும் முறை இதைவிடத் தெளிவானது. 1864-இல் கல்கத்தாவைச் சிதைத்த புயலும், 1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தோன்றக் காரணங்களாயின. அதன் முதல் தலைமையிடம் கல்கத்தாவே. பின்னர் அது சிம்லாவுக்கும் புனேவுக்கும் இறுதியில் தில்லிக்கும் பெயர்ந்தது. கொல்கத்தாவின் மண்டல மையம் அலிப்பூரில் நிலைத்தது. ‘கொல்கத்தாவில் இன்று இத்தனை டிகிரி’ என்று நாளிதழ் எழுதும்போது அது பெரும்பாலும் அலிப்பூரின் எண்ணாகவே இருக்கும். சென்னையின் எண் நுங்கம்பாக்கத்துடையதாகவோ மீனம்பாக்கத்துடையதாகவோ இருப்பது போல.

‘இயல்பு’ என்று துறை குறிப்பிடுவது யாரோ ஒருவரின் கருத்தன்று. ஓரிடத்தில் 30 ஆண்டுகள் பதிவானவற்றின் சராசரி அது. இப்போது 1991 முதல் 2020 வரையிலான பதிவுகள் அடிப்படையாகின்றன. வெப்ப அலை என அறிவிப்பதற்கும் இந்த விலகலே முதன்மை. சமவெளியில் உச்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்; அதோடு இயல்பிலிருந்து 4.5 டிகிரியாவது மிகுந்திருக்க வேண்டும். கடற்கரைக்கு அந்த 40 என்பது 37 ஆகும். மலைப்பகுதிக்கு 30 ஆகும். மே மாதத்து ராஜஸ்தானில் 43 டிகிரி எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. ஏப்ரல் மாதத்து அலிப்பூரில் அதே 43 நகரை வீட்டுக்குள் முடக்குகிறது. எண் ஒன்றாயினும் பொருள் வேறு.

செயலிக்கும் இதே முறைதான் பொருந்தும். காரணம் எளிய இயற்பியலில் உள்ளது. செயலி வாங்கும் மின்னாற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் தெர்மல் பேஸ்ட் எனும் பசையைக் கடந்து, ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகடுகளில் பரவி, விசிறியின் காற்றோடு வெளியேறுகிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே ஓடும். ஆகவே, விசிறியும் தகடுகளும் எவ்வளவு சிறந்தவையாயினும் செயலியை அறைக்காற்றைவிடக் குளிர்ந்ததாக ஆக்க முடியாது. பணம் அதிகம் கொடுத்து வாங்கும் நீர்வழிக் குளிர்விப்பானுக்கும் இது விதிவிலக்கன்று. அதுவும் இறுதியில் வெப்பத்தை அந்த அறைக்காற்றில்தான் கொட்டுகிறது. குளிர்விப்பான் தீர்மானிப்பது ஒன்றையே: குறிப்பிட்ட வேலையின்போது செயலி அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதை.

ஓர் எடுத்துக்காட்டு. செயலி 120 வாட் மின்னாற்றல் கொள்வதாகவும், குளிர்விப்பான் ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி வீதம் வெப்ப உயர்வை அனுமதிப்பதாகவும் கொள்வோருக்கு, பெருக்கினால் 36 டிகிரி கிடைக்கும். கணினிப் பெட்டிக்குள் உள்ள காற்று அறைக்காற்றைவிட 4 டிகிரி மிகுந்திருந்தால், மொத்த இடைவெளி 40. சனவரி மாதக் கொல்கத்தாவில் அறை 20 டிகிரியில் இருக்கையில் மென்பொருள் காட்டுவது 60. ஏப்ரல் பிற்பகலில் அறை 38 டிகிரிக்கு ஏறினால் அதே கணினி, அதே வேலையில், ஏறத்தாழ 78 காட்டும். இயந்திரத்தில் எதுவும் பழுதாகவில்லை. மாறியது அறை மட்டுமே. சனவரியில் நிம்மதியாக உறங்கியவர் ஏப்ரலில் பதறுவதற்கு இயந்திரம் காரணமன்று.

இனி, கைமாறிக் கைமாறி வரும் அந்த 60 முதல் 75 வரை என்னும் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய எண்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையிலான அறைகளில் நடந்த சோதனைகளிலிருந்து வருபவை. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ அந்த அறை இயல்பான அறை. அலிப்பூரிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் குளிர்சாதனம் இல்லாத அறை ஆண்டின் பல மாதங்கள் அதற்குமேல் 10 டிகிரியில் நிற்கிறது. குளிர்விப்பான்களை முறையாகச் சோதிப்பவர்கள் இதை அறிந்தே முடிவை அறை வெப்பநிலைக்கு மேற்பட்ட டிகிரிகளாகத் தருகிறார்கள். அந்த முடிவுகள் மேற்கோளாகப் பரவும்போது அறையின் எண் உதிர்ந்துவிடுகிறது. செயலியின் எண் மட்டும் எஞ்சுகிறது.

சில்லுக்குள் இருக்கும் வெப்ப உணரியே விலகலின் மொழியில்தான் பேசுகிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இன்டெல் செயலிகளின் உணரி நேரடியாக 78 என்று சொல்வதில்லை. ‘என் உச்ச எல்லைக்கு இன்னும் 22 டிகிரி இருக்கிறது’ என்ற பொருளில் ஓர் எண்ணைத் தருகிறது. மென்பொருள் அதை 100-இலிருந்து கழித்து 78 என்று எழுதிக் காட்டுகிறது. எல்லைக்கு அருகில் துல்லியமாகவும், குறைந்த வெப்பநிலைகளில் துல்லியம் குறைந்தும் அந்த உணரி இயங்குகிறது. 2017-இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 1800எக்ஸ், 1700எக்ஸ் செயலிகளின் கதை இன்னும் வியப்பானது. விசிறிக் கட்டுப்பாடு எல்லாச் செயலிகளுக்கும் ஒன்றுபோல அமைய வேண்டும் என்பதற்காக, அவை உண்மை வெப்பத்தோடு 20 டிகிரியைக் கூட்டியே அறிவித்தன. நிறுவனம் விளக்கம் தரும்வரை, பலர் தங்கள் புதிய கணினி கொதிப்பதாகவே எண்ணினர். திரையில் தெரியும் எண்ணைத் தெய்வ வாக்காகக் கொள்வது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘100 வரை கவலை வேண்டா’ என்போரின் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. இன்றைய செயலிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் வெளியிட்ட காணொளி ஒன்றில், ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் ஹீட் சிங்குகளைக் கழற்றிப் பார்த்தனர். அன்றைய ஏஎம்டி அத்லான் நொடிகளில் புகைந்து மாண்டது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதன்பின் அந்தத் தற்காப்பு எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாயிற்று. எல்லையை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறினால் கணினியை நிறுத்திவிடும். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் உயர்நிலைச் செயலிகள் கடும் வேலையின்போது 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அது பழுதன்று, திட்டமிட்ட நடத்தை என்று நிறுவனமே அறிவித்தது.

எஞ்சிய பாதிதான் இடர். 100 என்பது சில்லுக்குரிய எல்லை. கணினி முழுவதற்கும் உரியதன்று. அதே பெட்டிக்குள் மின்தேக்கிகள் உள்ளன. மின்பகுளி வகை மின்தேக்கிக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. வன்தட்டும் மின்வழங்கியும் அதே சூட்டில் மூச்சு விடுகின்றன. மேலும், வெப்ப எண் ஒன்றையே பார்ப்பவருக்குத் தெரியாத கேடுகளும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பல நிலைகுலைந்து வீழ்ந்தபோது, செயலி அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் கோரியதே காரணம் என 2024 சூலையில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் நுண்குறியீட்டுத் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலமும் 2 ஆண்டுகள் நீட்டப்பட்டது. ‘எல்லைக்குள் இருக்கிறது’ என்பது நலத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லையை மட்டும் பார்க்கும் பழக்கம் நோயை மறைக்கிறது. விசிறியில் தூசு அடைந்து, பசை உலர்ந்து, ஹீட் சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு முளைகளில் ஒன்று தளர்ந்த கணினி, சனவரியில் 75 காட்டலாம். எல்லைவாதிக்கு அது நலமான எண். ஆனால் அறை 20 டிகிரியில் இருக்கையில் 75 என்றால் இடைவெளி 55. முன்பு அது 40-ஆக இருந்தது. விலகல் 15 டிகிரி. வானிலைத் துறையின் கண்ணோட்டத்தில் அது கடும் வெப்ப அலை. குளிர்காலத்திலேயே அதைக் கண்டவர் ஒரு தூரிகையாலும் ஒரு குழல் பசையாலும் சரிசெய்துவிடலாம். காணாதவருக்கு மே மாதம் தெரிவிக்கும். அப்போது கணினி வேலைக்கு நடுவே நின்றிருக்கும்.

ஆகவே, ‘என் செயலி 80 காட்டுகிறது, இது இயல்பா?’ என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அறை எத்தனை டிகிரி? கணினி அப்போது என்ன வேலை செய்தது? சென்ற மாதம் இதே வேலையில் இடைவெளி எவ்வளவு? இவற்றுக்கு விடை இல்லாமல் 80 என்னும் எண் நல்லதும் அன்று, தீயதும் அன்று. 95-இல் நிற்குமாறு அமைந்த செயலிகளுக்கு நான்காவது கேள்வியும் வேண்டும்: வேகம் எவ்வளவு? அவற்றில் அறை சூடானால் வெப்ப எண் நகராது, வேகம்தான் இறங்கும்.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. சுவரில் மாட்டும் சிறு வெப்பமானி ஒன்று போதும். அதைக் கணினியின் வெப்பக்காற்றும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும்; வானிலை ஆய்வகங்கள் வெப்பமானியைக் காற்றோட்டமுள்ள வெண்ணிற மரப்பெட்டிக்குள் நிழலில் வைப்பதும் இக்காரணத்தாலேயே. மாதம் ஒருமுறை, ஒரே வேலையைக் கால் மணி நேரம் கொடுத்து, இரு எண்களையும் ஒரு தாளில் குறித்தால் ஓராண்டில் அந்தக் கணினிக்கென்று ஓர் ‘இயல்பு’ பிறந்துவிடும். அதன்பின் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. நொடிப்பொழுதில் 20 டிகிரி ஏறி இறங்குவதைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை; சிறு வேலை வந்ததும் செயலி ஒரு கணம் முழு விசையில் பாய்வதன் அடையாளம் அது. கொல்கத்தாவின் சாந்தினி சவுக்குக்கோ சென்னையின் ரிச்சி தெருவுக்கோ புதிய குளிர்விப்பான் தேடிப் புறப்படுமுன் அந்தத் தாளைப் பார்ப்பது பணத்தையும் மிச்சமாக்கும். இடைவெளி மாறவில்லையெனில், புதிய குளிர்விப்பான் தீர்க்கக்கூடிய பழுது எதுவும் அங்கில்லை.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சாதாரணப் பயனருக்குத் தேவையா என்று கேட்கலாம். கணினி சூடானால் விசிறியை வேகமாக ஓட்டட்டும், இல்லையேல் நிற்கட்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. செயலியின் உயிரைக் காக்க இத்தனை பாடு வேண்டியதில்லை என்பதும் மெய்யே. ஆனால் அந்தச் சுவர் வெப்பமானி செயலியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஏப்ரல் பிற்பகலில் அது 38 காட்டும்போது, செயலிக்கு எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார்.

இங்குதான் கேள்வியின் முகம் மாறுகிறது. இந்தியாவின் முதல் மின்னணுக் கணினிகளுள் ஒன்று இதே கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1950-களின் நடுவில் நிறுவப்பட்டது. வால்வுகளால் இயங்கிய அக்கால இயந்திரங்கள் வெப்பத்துக்கு அஞ்சியவை. அந்த அச்சம் பல பதிற்றாண்டுகள் நீடித்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குளிர்ந்த கணினி அறைக்குள் நுழைந்த பள்ளிக்கூட நினைவு ஒரு தலைமுறைக்கே உண்டு. பள்ளியில் வேறெந்த அறைக்கும் இல்லாத குளிர்சாதனம் அந்த ஓர் அறைக்கு இருந்தது. அது மாணவருக்காக வைக்கப்பட்டதன்று, இயந்திரத்துக்காக. இயந்திரத்தின் தயவில் மாணவரும் சற்றுக் குளிர்ந்தனர்.

பின்னர் இயந்திரம் உறுதிப்பட்டது. 38 டிகிரி அறையிலும் அது வேலை செய்யக் கற்றுக்கொண்டது. அதனால் அறையைக் குளிர்விக்க வேண்டிய காரணமும் மறைந்தது. இன்று வழங்கிக் கணினிகள் நிறைந்த தரவு மையங்களுக்கு, உள்நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆஷ்ரே என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு பரிந்துரைக்கிறது. அது பின்பற்றவும் படுகிறது. தட்டச்சு நிலையத்திலும், அச்சகத்தின் வடிவமைப்பு மேசையிலும், சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பித் தரும் சிறு கடையிலும், விடுதி அறையிலும் மேசைக்கணினிமுன் அமர்ந்திருப்பவருக்கு அத்தகைய எண் எதையும் எவரும் கேட்பதில்லை.

அவருக்கு அக்கணினியே கூடுதல் சுமை. 300 வாட் மின்னாற்றல் கொள்ளும் கணினி, அறைக்குள் 300 வாட் அடுப்பு எரிவதற்குச் சமம். சும்மா அமர்ந்திருக்கும் மனித உடல் வெளியிடுவது ஏறத்தாழ 100 வாட். செயலியின் வெப்பம் அதைவிட்டு வெளியேறினால் செயலிக்கு விடுதலை. அந்த வெப்பத்துக்கு அடுத்த இருப்பிடம் அந்த மனிதர் அமர்ந்திருக்கும் காற்று. சன்னலில்லாத அறையில் விசிறிகளைக் கூட்டுவது செயலியின் எண்ணைச் சற்று இறக்கலாம்; அறையின் எண்ணை இறக்காது.

ஈரப்பதத்தைச் சேர்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. செயலி வியர்ப்பதில்லை, வறண்ட 38 டிகிரியும் ஈரமான 38 டிகிரியும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே. மனித உடலோ வியர்வை உலர்வதால் குளிர்வது. வங்காள விரிகுடாவின் ஈரம் ஏறிய கொல்கத்தாக் காற்றிலும் சென்னைக் காற்றிலும் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாங்காது என ஷெர்வுட், ஹியூபர் ஆகிய இருவரும் 2010-இல் கணக்கிட்டனர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் நலமான இளையோரைக் கொண்டு செய்து 2022-இல் வெளியிட்ட சோதனைகளில், ஈரம் மிகுந்த சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடலின் வெப்பச் சமநிலை குலையத் தொடங்கியது. செயலியின் எல்லை 100 என்று மனப்பாடமாகச் சொல்பவர் பலர். தம் எல்லை இவ்வளவு கீழே இருப்பதை அறிந்தவர் சிலரே.

வெப்பம் மிகுந்தால் செயலி வேகத்தைக் குறைக்கிறது; எவரும் அதைச் சோம்பல் என்பதில்லை. அதே அறையில் அதே பிற்பகலில் வேகம் குறைந்த மனிதருக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பக்கக் கணக்குக்குக் கூலி பெறும் தட்டச்சுப் பணியாளரின் வருமானம் குறைகிறது. மாணவரின் கவனம் சிதறினால் அது அவருடைய குறையாகவே எண்ணப்படுகிறது. செயலியின் 80 டிகிரியைக் கண்டு வரும் பதற்றத்தில் ஒரு பகுதியேனும் சுவர் வெப்பமானியின் 38-ஐக் கண்டு வர வேண்டும்.

எனவே தொடக்கக் கேள்விக்கான விடை இதுவே. ஏப்ரல் பிற்பகலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், கடும் வேலையின்போது மேசைக்கணினியின் செயலி 80 டிகிரி காட்டினால், சனவரியில் இருந்த அதே இடைவெளி இன்னும் இருக்குமானால், அது இயல்பே. அதற்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. இடைவெளி கூடியிருந்தால் தூசு தட்டி, பசை மாற்றி, முளைகளைச் சரிபார்க்க வேண்டும். இடைவெளி மாறாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் விலகியது அறை. அதற்கான பணம் சன்னலுக்கும் கூரைக்கும் நிழலுக்கும் செல்ல வேண்டும்; வேலை நேரம் காலைக்கும் மாலைக்கும் நகர வேண்டும்; கணினி மேசையின் அடியிலிருந்தும் மூடிய அலமாரியிலிருந்தும் வெளியே வர வேண்டும். பள்ளிகளும் அலுவலகங்களும் ஒருகாலத்தில் இயந்திரத்துக்காகச் செய்ததை, இயந்திரத்துக்குத் தேவையற்றுப் போன இக்காலத்தில், மனிதருக்காகச் செய்யக் கடமைப்பட்டுள்ளன.